உள்ளே வரலாம், ரைட்!

பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே பஸ்ஸோடு சேர்ந்து குளித்திருக்கிறீர்களா? மேல்மாடி, முன்வரிசை இருக்கை, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு? வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்கிறது. முதலில் பொசபொசவென்று சோப்புத் தண்ணீர். அப்புறம் கூரை உயரத்துக்கு நிற்கும் தூரிகைகள் சுழன்றுகொண்டே வந்து இரண்டு பக்கமும் தடதடவென்று அறைகின்றன. உள்ளே இருட்டிவிடுகிறது. முன்கண்ணாடியில் ஒரு தூரிகை வந்து மோதியதும் மாடி முழுக்க "ஓஓ!" என்று ஒரு கத்தல். கத்தியவர்களில் குழந்தைகள் குறைச்சல். என் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கைதட்டிவிட்டுக் கீழே இறங்கியவர், நேராக வரிசையின் கடைசியில் போய் மறுபடியும் நின்றுகொண்டார். நானும் அவர் பின்னாலேயே நின்றேன்.

இந்தக் குளியல் நடந்தது லண்டனின் தென்பகுதியில் இருக்கும் ஸ்டாக்வெல் பஸ் டிப்போவில். மற்ற நாளில் வாசலைத் தாண்டி ஓரடி வைத்தாலே மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கையை நீட்டிவிடுவார். நியாயம்தான். பன்னிரண்டு டன் மாடி பஸ்கள் ரிவர்ஸில் வரும் இடத்தில் வேடிக்கை பார்ப்பவனுக்கு என்ன வேலை? ஆனால் இந்த ஊர் டிப்போக்காரர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எப்போதாவது ஒரு நாள் கதவை விரியத் திறந்துவிட்டு, ஊர் ஜனத்தை உள்ளே விடுவார்கள். அன்று அப்படி ஒரு நாள். பழைய பஸ் வைத்திருப்பவர்கள் அதை ஓட்டிக்கொண்டு வருவார்கள். மெக்கானிக்குகள் விளக்கம் சொல்வார்கள். எங்களைப் போன்ற பஸ் பைத்தியங்கள் கேமரா, நோட்டுப் புத்தகம், சாண்ட்விச் சகிதம் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்போம். சத்தத்தை மட்டும் வைத்து லேலண்டா டாடாவா என்று சொல்லும் பசங்களோடு சென்னையில் வளர்ந்தவன் நான். அவர்களில் யாராவது கூட இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

உள்ளே போனதும் யாரும் பஸ்ஸைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறார்கள். ஆயிரங்கால் மண்டபங்களின் நாட்டிலிருந்து வந்தவனுக்கு இது ஒரு அதிர்ச்சி: ஒரு கால்கூடக் கிடையாது! பத்து கான்கிரீட் வளைவுகள், ஒவ்வொன்றும் 59 மீட்டர் அகலத்தை ஒரே தாவலில் கடக்கின்றன. நடுநடுவே வெளிச்சத்துக்குக் கண்ணாடி. 1952-இல் திறந்த கட்டடம் இது. போர் முடிந்த கையோடு இரும்புக்குப் பஞ்சம், அதனால் கான்கிரீட்டில் யோசித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் டிராம் ஓட்டத்துக்கு முடிவு கட்டினார்கள். அதன் இடத்துக்கு வந்த பஸ்களையெல்லாம் எங்காவது நிறுத்த வேண்டுமே! இருநூறு பஸ்கள் நிற்கிற மாதிரி ஒரு கூடம். நடுவில் தூண் இருந்தால் டிரைவர் ஒடித்துத் திருப்ப முடியாது, அதனால் தூணே வேண்டாம் என்று முடிவு. பஸ் நிறுத்தும் கொட்டகையைப் போய் 1988-இல் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். எழுத்தாளர் வில் செல்ஃப் ஒரு படி மேலே போய், லண்டனிலேயே மிக முக்கியமான கட்டடம் இதுதான் என்று அறிவித்திருக்கிறார். அவர் இந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர், கொஞ்சம் பாசம் இருக்கும். ஆனாலும் நான் அவர் கட்சி.

சரி, கழுத்து வலிக்கிறது. குழிக்குள் இறங்குவோம்.

வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிற குழி இது. படி இறங்கினால் தலைக்கு மேலே ஒரு முழு பஸ். நாம் ஆயுசு முழுக்க பஸ்ஸைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம், அதிகம் போனால் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து. கீழேயிருந்து பார்க்கும்போது அது வேறு ஜந்து. பெயின்ட் இல்லை, விளம்பரம் இல்லை. காற்றுத் தொட்டிகள், பிரேக் குழாய்கள், டிஃபரன்ஷியல், ஊரின் மழையும் சேறும் சேர்ந்து படிந்த கரும்பசை. நான் வாயைப் பிளந்துகொண்டு "ஐயோ, இங்க பாருடா" என்று எனக்கு நானே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"தமிழோ?" என்று குழியின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்.

நீல ஓவரால், கையில் டார்ச், நெற்றியில் கிரீஸ் கோடு. சாவகச்சேரிக்காரர். அறிமுகமான அரை நிமிஷத்தில் நான் அவருக்குத் தம்பி, அவர் எனக்கு அண்ணன்.

"தலை கவனம் தம்பி. இஞ்சாலை வாங்கோ. இப்ப ஒரு விசயம் காட்டுறன், பயந்து போகாதேங்கோ" என்றவர் மேலே யாருக்கோ சைகை காட்டினார். புஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட பெருமூச்சு. தலைக்கு மேலே இருந்த பஸ் அப்படியே ஒரு பக்கமாகக் கீழே இறங்கியது! நான் உட்கார்ந்தே விட்டேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். வேறொன்றுமில்லை. சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ ஏறுவதற்காக நடைபாதைப் பக்கம் வண்டி சாய்ந்து கொடுக்கும் வித்தை. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள், காற்றை விட்டால் இறங்கும், ஏற்றினால் எழும். தினமும் நிறுத்தத்தில் பார்க்கிற சங்கதிதான். அடியில் நின்று பார்த்தால்தான் குலை நடுங்குகிறது.

"விழாதா அண்ணே?"

"என்ன கதை கதைக்கிறியள்? இருபத்தெட்டு டிகிரி சரிச்சாலும் விழாது!"

உண்மை. மாடி பஸ்ஸின் மேல்தளம் நிறைய ஆள் எடையை ஏற்றி, கீழ்த்தளத்தைக் காலியாக விட்டு, 28 டிகிரி சாய்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கவிழக் கூடாது என்பது இந்த நாட்டு விதி. அந்தக் காலத்தில் ஆளுக்குப் பதில் மணல் மூட்டைகளை இருக்கைகளில் வைத்துச் சாய்த்திருக்கிறார்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், அச்சு என்று கனமானதெல்லாம் கீழே. மேலே இருப்பது மெல்லிய அலுமினியம். அதனால் கண்ணுக்குத்தான் பயம். மாடி பஸ்ஸில் வளைவில் திரும்பும்போதெல்லாம் முன்கம்பியை இறுக்கிப் பிடித்த என் கைகள் இனியும் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் நம்பிக்கையோடு.

அண்ணனிடமிருந்து இன்னொன்றும் கிடைத்தது. "எங்கட ஐயா கொழும்பிலை வேலை செய்யேக்கை லண்டன் பஸ்ஸிலைதான் போய் வந்தவர். நான் இஞ்ச வந்து அந்த லண்டன் பஸ்ஸுக்குக் கீழை கிடக்கிறன்" என்றார். 1958-இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியபின் லண்டன் ஓட்டிக் கழித்த மாடி பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கி ஓட்டினார்கள். ஆர்.டி. என்ற குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகள், அவற்றில் பலவற்றுக்கு லேலண்ட் இன்ஜின். 1980-களின் கடைசியில், லண்டனில் ஆர்.டி.க்கு அடுத்து வந்த ரூட்மாஸ்டர் மாடி பஸ்களும் கப்பலேறின. இ.போ.ச. என்ற மூன்று எழுத்தைச் சொன்னாலே அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. "எங்கட ஊர்த் தட்டி வானிலை போனவங்களுக்கு லண்டன் பஸ் சொர்க்கம் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தை உள்ளே கூப்பிட்டார். அன்றைக்கு அவருக்கு நூறு முறை புஸ்ஸ் விட வேண்டிய வேலை இருந்தது.

வெளியே வந்தால் ரூட்மாஸ்டர் வரிசை. இதற்குத்தானே வந்தோம்! முதல் வண்டியை 1954-இல் காட்டினார்கள். 1968 வரை மொத்தம் 2,876 வண்டிகள் கட்டினார்கள். போர்க்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களுக்கு அலுமினியத்தை அறைந்து ஒட்டிய அனுபவம் அப்படியே பஸ்ஸுக்கு வந்தது. மற்ற வண்டிகளுக்கு இருப்பது போல முழுநீள அடிச்சட்டமே இதற்குக் கிடையாது. உடம்புதான் சட்டம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு துணைச்சட்டங்கள் மட்டும். உள்ளே ஏறினால் கீழ்ப்பாதி அடர் சிவப்பு, ஜன்னலைச் சுற்றிப் பச்சை, கூரை வெளிர் மஞ்சள். வடிவமைத்த டக்ளஸ் ஸ்காட் இருக்கைத் துணியின் கட்டம் வரை யோசித்திருக்கிறார். மேல்மாடியில் சிகரெட் பிடிக்கலாம் என்றிருந்த காலம் அது. புகைக்கறை தெரியாமலிருக்கத்தான் கூரைக்கு அந்த மஞ்சள் என்று ஒரு ரசிகர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

டிரைவர் கேபினில் உட்கார்ந்து பார்க்க நீண்ட வரிசை. "குழந்தைகளுக்கு மட்டும்" என்று யாரும் எழுதி வைக்காத தைரியத்தில், நாங்கள் பெரியவர்கள் யாரோ ஒரு குழந்தையின் பின்னால் சொந்தக்காரர் மாதிரி நின்றோம். கேபின் என்றால் பாதி கேபின்தான். பக்கத்துப் பாதியில் இன்ஜின். டிரைவர் அறைக்குத் தனிக் கதவு, பயணிகளோடு பேச்சே கிடையாது. பின்னால் நிற்கும் கண்டக்டரின் மணிச் சத்தம்தான் அவருக்கு உலகம். ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். என்னையறியாமல் வாயால் "டுர்ர்ர்" போட்டேன். வெளியே படமெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் கண்டுகொள்ளவில்லை. அவரும் போட்டிருப்பார்.

பின் மேடையில் ஓய்வுபெற்ற கண்டக்டர் அம்மா ஒருவர், கழுத்தில் கிப்சன் டிக்கெட் மெஷினோடு. பார்படோஸிலிருந்து வந்தவராம். 1956-இலிருந்து லண்டன் போக்குவரத்துக் கழகம் அந்தத் தீவுக்கே ஆளனுப்பி வேலைக்கு எடுத்து வந்தது. அப்படி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இல்லாவிட்டால் இந்த நகரத்தில் பஸ் ஓடியிருக்காது. கிப்சன் மெஷின் 1953-இல் வந்து நாற்பது ஆண்டுகள் உழைத்த பிராணி. திருகிகளில் கட்டணத்தைச் சரிசெய்துவிட்டுக் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிர்ர்ரக்! வெற்றுத் தாள் சுருளில் அச்சாகி டிக்கெட் நாக்கை நீட்டும். கலர் கலரான டிக்கெட் கட்டுகளை விரலிடுக்கில் வைத்துக் கிழித்துக் கொடுக்கும் நம் ஊர் கண்டக்டரைப் பற்றி அவரிடம் சொன்னேன். மணிக் கயிற்றைக் காட்டி இலக்கணம் சொன்னார்: ஒரு அடி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு, மூன்று என்றால் வண்டி நிறைந்துவிட்டது, எங்கும் நிற்காதே.

"எங்கள் ஊரில் விசில். ஒன்றுக்கு நிற்கும், இரண்டுக்குப் புறப்படும்" என்றேன்.

"ஊது பார்ப்போம்."

விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்து, "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தேன். அந்த அம்மா மறுகணமே கயிற்றை இரண்டு முறை இழுத்தார். டிங் டிங்! முன்னால் கேபினில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினான். இரண்டு ஊர்ப் போக்குவரத்துச் சட்டங்களும் ஒத்துப்போன பெருமையில் நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம்.

இத்தனை அழகான வண்டியை ஏன் நிறுத்தினார்கள்? 2005 டிசம்பர் 9 அன்று 159-ஆம் தடத்தில் வழக்கமான ஓட்டத்தின் கடைசி ரூட்மாஸ்டர் போனபோது தெருவெல்லாம் கூட்டம், கண்ணீர். ஆனால் அந்தத் திறந்த பின் மேடையில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள இரண்டு நல்ல கால்கள் வேண்டும். சக்கர நாற்காலிக்காரருக்கு அது எட்டாத மாடி. குழிக்குள் கேட்ட அந்தப் புஸ்ஸ் சத்தத்துக்காக ரூட்மாஸ்டர் இடத்தை விட்டது சரியான கணக்கு என்றே நினைக்கிறேன். இதை அங்கே சத்தமாகச் சொல்லவில்லை, அடிப்பார்கள்.

இனி சொல்லப்போவதுதான் அன்றைக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்த கதை. வண்டி எண் எழுதும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். லண்டன் ரூட்மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஆர்.எம். போன்ற எழுத்தோடு ஓர் எண். அதைப் பார்த்ததும் நோட்டில் குறித்து, பட்டியலில் கோடு போடுவார்கள். ஆயுள் முழுக்க அத்தனை எண்ணையும் தேடி முடித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த எண் எந்த வண்டியுடையது?

லண்டனுக்கு வடக்கே ஆல்டன்ஹாம் என்றொரு பெரிய பட்டறை இருந்தது. சுரங்க ரயிலுக்காகக் கட்ட ஆரம்பித்து, போரில் விமானம் செய்து, கடைசியில் பஸ் ஆஸ்பத்திரியான இடம். கிளிஃப் ரிச்சர்ட் நடித்து 1963-இல் வந்த 'சம்மர் ஹாலிடே' படத்தில்கூட அது வரும். சில ஆண்டுகளுக்கொருமுறை ஒவ்வொரு பஸ்ஸும் முழுப் பராமரிப்புக்கு அங்கே போகும். உடம்பைத் தூக்கித் தனியாக எடுப்பார்கள். அதை ஒரு ராட்டினத்தில் மாட்டிப் பக்கவாட்டில் கவிழ்த்து அடியைச் சுத்தம் செய்வார்கள். சக்கரமும் துணைச்சட்டங்களும் வேறு பக்கம் போகும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதால் எந்த உடம்பும் எந்தத் துணைச்சட்டத்திலும் உட்காரும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த எண்ணுக்குக் கட்டிய வரியும் உரிமமும் வீணாகலாமா? ஆகவே, உள்ளே வந்த வண்டியின் எண்ணையும் நம்பர் பிளேட்டையும் கழற்றி, பராமரிப்பு முடிந்து தயாராக நிற்கும் வேறொரு வண்டிக்கு மாட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். காலையில் போன ஆர்.எம். இன்னார், பளபளவென்று திரும்பி வருவார். ஆள் வேறு!

கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தை. விக்கிரமாதித்தன் கதையில் கேட்டதை அரசாங்கச் செலவில் தினசரி நடத்தியிருக்கிறார்கள். உடலுக்கென்று தனி எண் ஒரு சின்னத் தகட்டில் இருக்குமாம். பழைய வண்டி வாங்கியவர்கள் டார்ச் அடித்து அந்தத் தகட்டைத் தேடித்தான் தங்கள் வண்டி நிஜத்தில் யார் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒருவர் தன் பஸ்ஸின் சரித்திரத்தைக் குடும்ப மரம் மாதிரி அட்டையில் வரைந்து ஜன்னலில் மாட்டியிருந்தார். அப்படியென்றால் அரை நூற்றாண்டாக நோட்டில் குறித்தார்களே, அது என்ன என்று அவரிடம் கேட்டேன். "எண்ணைத்தான் காதலிக்கிறோம், உடம்பை இல்லை" என்று கண்ணடித்தார். ஆல்டன்ஹாம் 1986-இல் மூடிவிட்டது. பிறகு இடித்தும் விட்டார்கள்.

அலுவலகப் பக்கமும் ஒரு எட்டிப் பார்த்தல். ஒவ்வொரு டிப்போவுக்கும் எழுத்துக் குறி உண்டு. ஸ்டாக்வெல்லுக்கு எஸ்.டபிள்யூ., பக்கத்துக் கேம்பர்வெல்லுக்கு வெறும் க்யூ. அந்தக் குறியும் ஓர் ஓட்ட எண்ணும் வண்டியின் பக்கவாட்டில் சொருகியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் அந்த வண்டி எந்த டிப்போவிலிருந்து எந்த டியூட்டிக்கு வந்திருக்கிறது என்று நிறுத்தத்தில் நின்றே சொல்லலாம். இரவில்தான் இங்கே திருவிழா. வண்டிகள் வரிசையாகத் திரும்ப, டீசல், குளியல், பெருக்கல், சோதனை, பிறகு விடியலில் முதலில் கிளம்ப வேண்டியது முன்னால் வரும்படி அடுக்கல். ஒரு வண்டி தப்பான வரிசையில் நின்றுவிட்டால் அதன் பின்னால் இருப்பவை எல்லாம் சிறையில். சாலையில் ஓடும் வண்டிகளைத் திரையில் பார்த்து, தாமதமானால் பாதி வழியிலேயே திருப்பிவிடுகிறவர்களும் உண்டு. நம் ஊர் கட் சர்வீஸின் ஒன்றுவிட்ட அண்ணன்.

மின்சார பஸ் ஒன்றும் ஒரு மூலையில் நின்றது. கூட்டமில்லை. சத்தமில்லாத வண்டி ஆளை இடித்துவிடக் கூடாதென்று லண்டன் மின்பஸ்களுக்கென்றே ஓர் ஒலியைத் தயாரித்து 2020-இல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். குமிழி குமிழியாக, விண்வெளிப் படத்தில் வருகிற மாதிரி. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து அதையும் வாயால் போட்டுக் காட்டுவார்கள், பாருங்கள்.

கேண்டீனில் சிப்ஸும் முட்டையும், பக்கத்தில் ஜமைக்கா காரக் கோழி. கோழியைத் தேர்ந்தெடுங்கள்.

வெளியேறும் வழியில் கடைகள். டிக்கெட் பை, மணிக் கயிறு, பழைய சீருடைப் பித்தான், கைக்குழந்தை அளவு மாடல் பஸ். நான் எதையும் வாங்குவதாக இல்லை. அப்போதுதான் அந்தச் சுருள் கண்ணில் பட்டது. பஸ்ஸின் நெற்றியில் கைப்பிடியைச் சுற்றினால் ஊர்ப்பெயர் மாறுமே, அந்த லினன் துணி. கறுப்பில் வெள்ளை எழுத்து: பிரிக்ஸ்டன், ஸ்ட்ரெத்தம், கேம்பர்வெல் கிரீன், எலிஃபன்ட் அண்ட் காசில், மார்பிள் ஆர்ச். 1916-இல் எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்துரு, இந்த நகரத்தின் கையெழுத்தே அதுதான். விலையை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

தோளில் சுமந்துகொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தபோது மனைவிக்குப் போன் போட்டேன்.

"எவ்ளோ நீளம்ங்க?"

"விரிச்சுப் பாக்கல. ஏழெட்டு மீட்டர் இருக்கும்."

"நம்ம வீடே அவ்ளோ நீளம் இல்லையே!"

மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து தொங்கவிடலாம் என்று தீர்மானமாகியிருக்கிறது. மேலே மார்பிள் ஆர்ச், நடுவில் பிரிக்ஸ்டன். பாத்ரூம் வாசலுக்கு நேராக 'சர்வீஸில் இல்லை' வருகிறது. அதை மட்டும் கொஞ்சம் சுருட்டி ஏற்ற வேண்டும்.